இரண்டு அபராதங்கள்: பாங்காக்கின் இரவுத் தொழில் குறித்து

பாங்காக் நகரைப் பற்றிய பேச்சு நம் கல்விப்புலத்தில் எழும்போதெல்லாம் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. பண்பாட்டுச் சீரழிவு என்று வருந்துவது ஒன்று. தாய்லாந்துச் சமூகம் பாலியலில் இயல்பாகவே தாராளமானது என்று வியப்பது மற்றொன்று. முன்னது பழைமைவாதம் போலவும் பின்னது முற்போக்கு போலவும் தோன்றினாலும், இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. அந்நகரின் இரவை அந்நாட்டு மக்களின் இயல்பாகக் கருதும் இடம் அது. பட்பொங், நானா பிளாசா, சோய் கவ்பாய் ஆகிய தெருக்களின் வரலாற்றைச் சற்றே புரட்டினாலும் இக்கருத்து நிலைக்காது. அந்த இரவு கட்டப்பட்ட ஒன்று. எந்தச் சட்டத்தால், எந்த ஒப்பந்தத்தால், எந்த ஆண்டில் என்று தேதியிட்டே சொல்லிவிடலாம்.

பரத்தைமை அதற்கு முன் சயாமில் இல்லை என்று நான் கூறவில்லை. 1908இலேயே விடுதிகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் சட்டம் அங்கே இருந்தது. திருப்பம் நேர்ந்தது 1960இல். ராணுவ ஆட்சியாளர் சரித் தனரத் பரத்தைமையை முழுமையாகத் தடை செய்தார். தண்டனை பெண்ணுக்கும் தரகருக்கும் விடுதிக்காரருக்கும். விலை கொடுத்தவருக்கு எதுவும் இல்லை. பிடிபட்ட பெண்ணை மறுவாழ்வு இல்லத்தில் ஓராண்டு வரை அடைத்து வைக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. (நாட்டின் ஒழுக்கத்தைக் காக்க முனைந்த இந்த ஆட்சியாளர் 1963இல் இறந்தபின், அவர் வைத்திருந்த எண்ணற்ற ‘சிறு மனைவியர்’ பற்றிய செய்திகள் நாளிதழ்களை நிறைத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆறே ஆண்டுகளில், 1966இல், கேளிக்கை இடங்கள் சட்டம் வந்தது. நடன அரங்கு, மதுக்கூடம், மசாஜ் நிலையம் ஆகியவற்றை உரிமம் பெற்று நடத்தலாம். அங்கே வாடிக்கையாளருக்குத் துணையாகப் பெண்களைப் பணியமர்த்தலாம். உரிமம் வழங்கும் அதிகாரம் காவல்துறையிடம். அடுத்த ஆண்டே, வியட்நாம் போரில் ஈடுபட்டிருந்த அமெரிக்கப் படையினர் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் தாய்லாந்துக்கு வந்துசெல்ல இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. போர் உச்சத்திலிருந்தபோது உடோன், கோராட், உதபாவ் முதலிய தளங்களில் ஏறத்தாழ 50,000 அமெரிக்கப் படையினர் இருந்தனர். விடுமுறைக்கு வந்துபோனவர்கள் இக்கணக்கில் சேரமாட்டார்கள். 1960, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு முழு ஏற்பாடு துலங்கும். தொழில் குற்றம், தொழில் நடக்கும் இடம் உரிமம் பெற்ற வணிகம், வாடிக்கையாளர் அரச விருந்தினர்.

படைகள் 1976இல் வெளியேறின, கட்டடங்கள் எஞ்சின. சோய் கவ்பாய் என்னும் பெயரே, 1977இல் அத்தெருவில் மதுக்கூடம் திறந்த, தொப்பி அணிந்து திரிந்த ஓர் ஓய்வுபெற்ற அமெரிக்கப் படைவீரரின் பட்டப்பெயரிலிருந்து வந்தது. பட்பொங் ஒரு சீனக் குடியேறிக் குடும்பத்தின் நிலம். நானா என்பது இந்திய வம்சாவளி முஸ்லிம் வணிகக் குடும்பமொன்றின் பெயர். அந்நகரின் மிகப் புகழ்பெற்ற இரவுத் தெருக்களின் பெயர்களில் அமெரிக்காவும் சீனாவும் இந்தியாவும் பதிந்திருக்கும்போது, இதைத் ‘தாய் இயல்பு’ என்று அழைப்பது விந்தையாகத்தான் இருக்கிறது.

படைவீரர்களின் இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் நிரப்பினர். 1980களின் தொடக்கத்திலேயே சுற்றுலா, அரிசியை விஞ்சி, நாட்டின் முதன்மையான அந்நியச் செலாவணி வருவாயாயிற்று. அக்காலத்தில் துணைப் பிரதமராக இருந்த பூன்சூ ரோஜனஸ்தியன் மாகாண ஆளுநர்களிடம், சிலருக்கு அருவருப்பாகத் தோன்றக்கூடிய கேளிக்கைகளையும் வேலைவாய்ப்பைக் கருதி ஊக்குவிக்குமாறு கேட்டுக்கொண்டது ஆய்வு நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் செய்தி. 1993இல் லாங்மன் அகராதியொன்று பாங்காக் என்ற பதிவில் பரத்தையர் மிகுதியைக் குறிப்பிட்டபோது அதே அரசு கொதித்தெழுந்து நூலைத் தடை செய்தது. வருவாய்க் கணக்கில் இருக்கலாம், அகராதியில் இருக்கக் கூடாது.

இனி மதுக்கூடத்தின் உள்ளே செல்வோம். நம் விவாதங்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் நெடுநாள் குறை.

மேடையில் ஆடும் பெண்ணின் ஆடையில் ஓர் எண் குத்தப்பட்டிருக்கும். மாதச் சம்பளம் உண்டு. ஆனால் தாமதமாக வந்தால் பிடித்தம், விடுப்பு எடுத்தால் பிடித்தம், உடல் எடை கூடினால்கூடச் சில இடங்களில் பிடித்தம். வாடிக்கையாளர் அவளுக்கென வாங்கித்தரும் பானத்துக்குத் தரகு கிடைக்கும். மாதத்துக்கு இத்தனை பானங்கள் என்று இலக்கு உண்டு. இலக்கை எட்டாவிட்டால் மீண்டும் பிடித்தம். வாடிக்கையாளர் அவளை வெளியே அழைத்துச் செல்ல விரும்பினால், அவள் வேலை நேரத்தை இழப்பதற்கு ஈடாகக் கூடத்துக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும். இத்தொகைக்கு அந்த ஆங்கிலத்தில் ‘பார் ஃபைன்’ என்று பெயர், அதாவது அபராதம். அதற்கப்பால் நிகழ்வது வயதுவந்த இருவரின் தனிப்பட்ட விவகாரம். கூடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இச்சொல்லைக் கூர்ந்து நோக்குக. கட்டணம் என்று சொன்னால் முதலாளி தரகராகிவிடுவார். தரகு 1960 முதலே குற்றம். அபராதம் என்று சொன்னால் அவர் ஊழியரின் வருகைப் பதிவைக் கண்காணிக்கும் பொறுப்பான முதலாளி. தொழிலாளி இல்லாமலேயே ஒரு தொழில் இயங்குவதற்கான சட்டத் தந்திரம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இந்த இடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் என்று விலை குறித்து, கூனியொருத்தி அதனை மறுகில் நின்று விற்கிறாள். விற்கப்படுவது மாலை, மாதவி அல்லள். பெண்ணுக்கு நேராக விலை சொல்லாமல் வேறொன்றின் மேல் அவ்விலையை ஏற்றி வைக்கும் வழக்கம் அத்துணைப் பழையது.

இரண்டாவது அபராதம் அரசினுடையது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1996இல் வந்த சட்டம் முந்தையதைவிட மென்மையானது; பதினெட்டு வயதுக்குட்பட்டோரை நாடும் வாடிக்கையாளரை அது தண்டிக்கிறது. இது முக்கியமான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைக்கும் பெண்ணுக்கு 1,000 பாத் வரை அபராதம் என்னும் பிரிவு நீடிக்கிறது. வயதுவந்த பெண்ணை நாடிச் செல்பவருக்குத் தண்டனை ஏதுமில்லை. ஆயிரம் பாத் பெரிய தொகையன்று. அபராதத்தின் பயன் தொகையில் இல்லை, அது திறந்துவிடும் பேரத்தில் இருக்கிறது. பிடிக்கவும் விடவும் அதிகாரம் பெற்ற கை, பிடிக்காமலிருப்பதற்கு விலை கேட்கும். மசாஜ் நிலையங்களால் பெரும் செல்வந்தரான சுவித் கமோல்விசித், 2003இல் தாம் காவலர்களுக்குக் கொடுத்துவந்த கையூட்டை ஊரறியச் சொன்னபோது நாடே அதிர்ந்தது போல் காட்டிக்கொண்டது. அவர் பிறகு அரசியலுக்கு வந்து நாடாளுமன்ற உறுப்பினருமானார்.

இங்கே ‘தெரிவா, வற்புறுத்தலா’ என்னும் வழக்கமான வினா எழும். பாசுக் போங்பைச்சித் 1982இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காகச் செய்த ஆய்வு, மசாஜ் நிலையங்களில் பணிபுரிந்த ஐம்பது பெண்களிடம் பேசி எழுதப்பட்டது. வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சிற்றூர்களிலிருந்து வந்த அப்பெண்கள் வீட்டைவிட்டு ஓடியவர்கள் அல்லர், வீட்டைத் தாங்க வந்தவர்கள் என்பதை அவர் காட்டினார். ஊரில் எழும் புது வீடும், தம்பியின் பள்ளிக் கட்டணமும், தந்தையின் கடனும் அந்த வருவாயில் தீர்ந்தன. தாய்லாந்து பௌத்தத்தில் மகன் துறவு பூண்டு பெற்றோருக்குப் புண்ணியம் சேர்க்கிறான். பெண்களுக்கு முழுத் துறவு நிலையை அந்நாட்டுச் சங்கம் 1928 முதல் மறுத்து வந்துள்ளது. பெற்ற கடனை மகள் தீர்க்கும் வழி பணம்தான். ஈசான் பகுதியின் வறண்ட வயல்களையும் இதனையும் சேர்த்துப் பார்க்காமல் ‘சுயதெரிவு’ என்று பேசுவது வெறும் சொல்.

மறுபுறம், 1984இல் புக்கெட்டில் ஒரு விடுதி தீப்பற்றியபோது, வெளியேற வழியின்றி அடைபட்டிருந்த ஐந்து இளம்பெண்கள் கருகி மாண்டனர். பர்மியப் பெண்களும் சிறுமியரும் கடனடிமைகளாகத் தாய்லாந்து விடுதிகளில் வைக்கப்பட்டிருந்ததை 1993இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் விரிவாக ஆவணப்படுத்தியது. இதை மறந்துவிட்டு விடுதலைப் பேச்சுப் பேசுவோரிடம் எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் பூட்டிய அறைக்குள் இருந்தவளையும் எண் குத்திய மேடையில் நிற்பவளையும் ஒரே சொல்லால் அழைத்து, இருவரையும் ஒரே சோதனை நடவடிக்கையால் ‘மீட்பது’ வேறொரு வன்முறை. எம்பவர் என்னும் அமைப்பு 1985இல் பட்பொங்கில் தொடங்கப்பட்டது. வாடிக்கையாளரிடம் ஏமாறாமல் பேரம் பேச ஆங்கிலம் கற்றுத்தருவதே அதன் தொடக்ககாலப் பணி. அவ்வமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, கடத்தல்காரர்களால் துன்புறும் பெண்களைவிட மீட்பு நடவடிக்கைகளால் துன்புறும் பெண்களே மிகுதி என்னும் நிலை வந்துவிட்டதாக வாதிட்டது. மீட்கப்பட்டவர்கள் காப்பகங்களில் அடைக்கப்பட்டு, வழக்குக்குச் சாட்சிகளாகக் காத்திருக்க வைக்கப்பட்டனர். 1960ஆம் ஆண்டின் மறுவாழ்வு இல்லம் வேறு பெயரில் திரும்பியிருந்தது.

எண்களைக் குறித்தும் ஒரு சொல். தாய்லாந்தில் எத்தனை பாலியல் தொழிலாளர் என்னும் வினாவுக்கு 1990களில் ஒரு லட்சத்துக்கும் குறைவு என்பதிலிருந்து இருபது லட்சம் வரை விடைகள் உலவின. பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதும் பழக்கம் நம் மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்நாட்டின் பாலியல் சந்தையில் பெரும்பான்மை வாடிக்கையாளர் உள்நாட்டு ஆண்களே என்பது அந்தப் பத்தியில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வெளிநாட்டவர் கண்ணுக்குப் படும் மூன்று நான்கு தெருக்களை வைத்து முழுச் சந்தையையும் அளந்துவிடுகிறோம்.

தாய்லாந்து அரசால் இத்தொழிலாளர்களோடு நேர்மையாகப் பேச முடிந்த ஒரு தருணமும் உண்டு. எய்ட்ஸ் பரவிய காலத்தில், 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட ‘நூறு விழுக்காடு ஆணுறை’ திட்டம், ஆணுறையை வலியுறுத்தும் பொறுப்பை விடுதி உரிமையாளர் மீது சுமத்தியது. தொற்று கணிசமாகக் குறைந்தது. தொழில் நடப்பதை ஒப்புக்கொண்டால் முதலாளியைப் பொறுப்பாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒப்புதல் நோயின் எல்லையோடு நின்றது. கூலிக்கும் விடுப்புக்கும் அது நீளவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கூடங்கள் மூடப்பட்டபோது, மாதம் 5,000 பாத் நிவாரணம் பெறத் தம் தொழிலை எப்படிப் பெயரிடுவது என்று தெரியாமல் பலர் நின்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி வெளிநாட்டவரை ஈர்த்த ஒரு நாட்டின் ஊழியர்கள் அவர்கள்.

நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2019இல் தாய்லாந்து சென்ற இந்தியர் ஏறத்தாழ 20 லட்சம். 2023 நவம்பரில் விசாத் தேவையும் நீக்கப்பட்டது. இவர்களில் குடும்பமாகச் செல்வோரும் தேனிலவுக்குச் செல்வோரும் கணிசமானவர்கள். எல்லாரையும் ஒரே கண்ணோடு பார்ப்பது அநீதி. ஆனால் சிமெண்ட், பெயிண்ட், உரம் விற்கும் நிறுவனங்கள் இலக்கை எட்டிய விற்பனையாளர்களுக்கு ‘பாங்காக்–பட்டாயா’ பயணத்தைப் பரிசாக வழங்கும் வழக்கமும், அதைச் சொல்லும்போது எழும் நமட்டுச் சிரிப்பும் நமக்குத் தெரியாதவை அல்ல. அங்கும் ஓர் இலக்கு, இங்கும் ஓர் இலக்கு. பானங்களின் எண்ணிக்கையை எட்டாதவளுக்குப் பிடித்தம், சிமெண்ட் மூட்டையின் எண்ணிக்கையை எட்டியவருக்கு அவள். பாலியல் சுற்றுலாவை வெள்ளையர் வரலாறாக மட்டுமே எழுதிப் பழகிய நம் பின்காலனியப் படிப்பில் இந்த விற்பனையாளருக்கு இடமே இல்லை. அவரை ஆய்வுப் பொருளாக்குவதில் நமக்குள்ள தயக்கம், தாய்லாந்துப் பெண்ணை ஆய்வுப் பொருளாக்குவதில் துளியும் இருந்ததில்லை.

1996ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க வேண்டும் என்னும் கோரிக்கை இப்போது அங்கே வலுத்துள்ளது. 2021 ஜூனில் அரசு மாளிகைக்கு வெளியே குதிகால் செருப்புகளையும் நீச்சலுடைகளையும் வைத்துப் பெண்கள் போராடியது அதன் ஒரு கட்டம். இதற்கு மாற்றாகச் சிலர் முன்வைப்பது பதிவு, மண்டலம், உரிமம், வரி. நான் இதனை ஏற்கவில்லை. பதிவேடு யார் கையில் இருக்குமோ அவரிடமே பேரமும் இருக்கும். 1966இன் உரிமம் கற்பித்த பாடம் அது. குற்றப் பிரிவுகளை நீக்கிவிட்டு, ஏற்கெனவே உள்ள தொழிலாளர் சட்டத்தை அந்தக் கூடங்களுக்குள் செலுத்தினால் போதும். இது கற்பனையும் அன்று. எம்பவர் அமைப்பினர் 2006இல் சியாங் மாயில் தாமே திறந்த ‘கேன் டூ’ மதுக்கூடத்தில் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, ஊதியத்துடன் விடுப்பு உண்டு, சமூகப் பாதுகாப்பு உண்டு, பானத்துக்கு இலக்கு இல்லை, சம்பளத்தில் பிடித்தமும் இல்லை.