சொல்லாமல் நின்றால் வருஷம் போச்சு!

கடலூரில் இருந்து சிதம்பரம் போகிற காலை ரெயில். வாசற்படி வரை கல்லூரி மாணவர்கள் கூட்டம். அதில் தினமும் வருகிற பையன் ஒருவனைப் பத்து நாளாகக் காணோம். இப்படி ஒரு பையன் எல்லா ரெயிலிலும் உண்டு, எல்லா பஸ்சிலும் உண்டு.

"எங்கேப்பா உன் கூட்டாளி?" என்று சீசன் டிக்கெட் குமாஸ்தா கேட்பார்.

"அவங்க அப்பா படுத்த படுக்கையா ஆயிட்டாரு சார். இவன்தான் கடையைப் பாத்துக்கிறான்."

"காலேஜிலே சொல்லிட்டானா?"

"இல்லே சார். சும்மா நின்னுட்டான்."

இந்த "சும்மா நின்னுட்டான்"தான் வினை. படிப்பை நிறுத்தியது தப்பு அல்ல. சொல்லாமல் நிறுத்தியதுதான் தப்பு.

எத்தனையோ காரணம்

படிப்பை நிறுத்துகிற பையன் எல்லாம் ஊர் சுற்றி என்று நினைக்க வேண்டாம். இந்த மாவட்டம் பட்ட அடி கொஞ்சமா? 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல். பண்ருட்டி பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது. 2015-ல் வெள்ளம். மரம் விழுந்த வீட்டில் பீஸ் கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

பீஸ் என்றதும் சிதம்பரம் ஞாபகத்துக்கு வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும், அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மற்ற அரசு கல்லூரிகளில் ரூ.13,610 தான். 2020 டிசம்பரில் மாணவ-மாணவிகள் போராட்டத்தில் குதித்தார்கள். 2021 தொடக்கத்தில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. கட்டணமும் இறங்கியது.

அவர்கள் கூட்டமாக நின்றார்கள், கோட்டைக்குக் கேட்டது. ஒற்றை ஆளாக வீட்டுக்குப் போகிறவன் குரல் கல்லூரி ஆபீஸ் ஜன்னலுக்குக் கூட எட்டுவது இல்லை.

என்ன கெடும்?

சும்மா நின்றவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்துகொண்டே இருக்கும். பரீட்சை எழுதப் பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். அது குறைந்தால் பரீட்சைக்குத் தடை. பீஸ் பாக்கி ஏறும். அப்பா குணமாகி, ஒரு வருஷம் கழித்து அவன் திரும்பி வந்தால், "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தே?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொல்லக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

விதி இருக்கிறது

முதல் ஆண்டில் சேர்ந்த உடனே விலகுகிறவர்களுக்கு யூ.ஜி.சி. 2018-ல் விதி போட்டது. அட்மிஷன் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுத்தால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். அதில் அதிகபட்சம் ரூ.5 ஆயிரம் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, ஆனால் கடைசி நாளுக்கு முன்பு என்றால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80 சதவீதம். 30 நாளுக்குள் 50 சதவீதம். அதற்கும் பிறகு போனால் ஒரு பைசா கிடையாது. அசல் சான்றிதழைச் சரிபார்த்ததும் கையில் கொடுத்துவிட வேண்டும். கல்லூரி பீரோவில் வைத்துப் பூட்டக்கூடாது என்பதும் அதே விதிதான்.

நடுவில் நின்று திரும்ப வருவதற்கும் வழி உண்டு. அண்ணா பல்கலைக்கழக என்ஜினீயரிங் விதிகளில் 'பிரேக் ஆப் ஸ்டடி' என்று ஒன்று இருக்கிறது. நீண்ட நாள் நோய், விபத்து போன்ற தக்க காரணம் இருந்தால், முன்கூட்டியே விண்ணப்பித்து ஒரு வருஷம் வரை நிற்கலாம். மற்ற பல்கலைக்கழகங்களின் விதி வேறு வேறாக இருக்கும். கேட்டால்தானே தெரியும்?

ராமானுஜனும் ஓடினார்

கணித மேதை ராமானுஜன் கூட கல்லூரியை விட்டு ஓடியவர்தான். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடம்பு படுத்தியது. 1907-ல் எப்.ஏ. பரீட்சையிலும் தோற்றார். 1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1913-ல் ஹார்டி துரைக்குக் கடிதம் எழுதினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது.

நல்ல முடிவுதான். ஆனால் நின்றுபோன எல்லாப் பையனுக்கும் ஒரு ஹார்டி கிடைப்பாரா?

என்ன செய்யலாம்?

"இதையெல்லாம் வெளியே சொன்னால் பாதிப் பேர் போய்விடுவான்" என்று ஆபீசில் சொல்லுவார்கள். இது வீண் பயம். போகிறவன் எப்படியும் போய்விடுகிறான். வழி தெரியாததால் திரும்பி வராமல் இருப்பதுதான் நடக்கிறது.

விலகும் விதியையும், திரும்பச் சேரும் விதியையும் தமிழில் எழுதி ஆபீஸ் வாசலில் மாட்ட வேண்டும். பத்து நாள் வராத மாணவன் வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. கஷ்டம் வந்த அன்றே பையனுடன் கல்லூரிக்குப் போய், காரணத்தை எழுதிக் கொடுங்கள். மனுவின் நகலில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத சரக்குக்குக் கணக்கு ஏது?

ஒரு நாள் கடையை மூடுகிற கடைக்காரர் கூட "இன்று விடுமுறை" என்று ஓர் அட்டையைத் தொங்க விட்டுத்தான் போகிறார். அட்டை இருந்தால் வாடிக்கை மறுநாள் திரும்ப வரும். படிப்புக்கும் அந்த அட்டையைத் தொங்க விட்டுப் போகட்டும் பையன்கள்!