நோட்டீசுக்கு முன் மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு கோரிக்கை எழுந்தது. கடைகளைப் பற்றி கூகுளில் தாறுமாறாக எழுதும் வாடிக்கையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் சங்கமே ஒரு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும், செலவைச் சந்தாவில் சேர்த்துக் கொள்ளலாம் என்றார்கள். பலர் கை தட்டி வரவேற்றார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று தலைவர் அறிவித்திருக்கிறார். அதற்குள் நம் கருத்தை உறுப்பினர்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

கோபம் நியாயமானதுதான். முன்பெல்லாம் சரக்கு சரியில்லை என்றால் வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து சத்தம் போடுவார். நாலு பேர் கேட்பார்கள். மாற்றிக் கொடுத்தால் அன்றோடு போய்விடும். இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் ஒரு நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதிவிடுகிறார். அது இரவும் பகலும் அழியாமல் நிற்கிறது. அப்பா காலத்திலிருந்து கட்டிக் காத்த பெயர் இப்படிப் போகிறதே என்று வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் வயிற்றெரிச்சலோடு எடுத்த முடிவு வியாபாரத்தில் யாருக்கும் இலாபம் தந்ததில்லை.

நமக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

நம்மிடம் பருப்பு எடுக்கும் சில்லறைக் கடைத் தம்பி ஒருவர் சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை மண்டிக்கு வந்தார். கையில் டைப் அடித்த நோட்டீஸ். அவர் கடையில் வாங்கிய துவரம்பருப்பில் வண்டு இருந்தது என்றும், கேட்டதற்கு "எங்க கடையிலதான் வாங்குனீங்களா?" என்று எடுத்தெறிந்து பேசினார்கள் என்றும் ஓர் அம்மாள் போட்டோவுடன் எழுதியிருந்தார். ஏழு நாளில் அதை நீக்கி மன்னிப்புக் கேட்காவிட்டால் ஐந்து இலட்சம் நஷ்ட ஈடு என்றது நோட்டீஸ்.

"அண்ணாச்சி, சரக்கு நல்ல சரக்குன்னு நீங்க ஒரு கடிதம் கொடுங்க. அதையும் சேர்த்து அனுப்பிடுறேன்" என்றார் தம்பி.

நாமும் பேனாவை எடுத்துவிட்டோம். நாற்பது வருட வியாபாரத்தில் நம் சரக்கில் வண்டா என்ற இறுமாப்பு. கடிதத்தில் குறிப்பிடுவதற்காக, அந்தச் சரக்கு போன தேதியைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டோம். அவர் பேரேட்டைப் புரட்டிவிட்டுத் தயங்கினார். "இது மேற்குச் சுவரோரம் இருந்த அடுக்குங்க முதலாளி" என்றார்.

ஐப்பசி மழையில் அந்தச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது நமக்குத் தெரியும். அடுக்கை மாற்றச் சொல்லியிருந்தோம். மாற்றினார்களா என்று போய்ப் பார்க்கவில்லை. மீதி இருந்த ஆறு மூட்டைகளில் இரண்டைப் பிரித்தோம். உள்ளே கையை விட்டவுடன் விரலில் ஊர்ந்தது.

தம்பி ஒன்றும் பேசவில்லை. நமக்கும் பேச வாய் வரவில்லை. அந்த அம்மாள் எழுதியது அத்தனையும் உண்மை. மூலக் குற்றம் அவர் கடையில் கூட இல்லை, நம் கிடங்கில்தான்.

மறுநாளே அந்த அடுக்கிலிருந்து போன சரக்கை எல்லாக் கடைகளிலிருந்தும் திருப்பி எடுத்துக் கொண்டோம். தம்பி அந்த அம்மாளின் வீட்டுக்கே போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். கூகுளிலும் அந்த எழுத்தின் கீழேயே, சரக்கு கெட்டிருந்தது உண்மை, பேசிய முறையும் தவறு, சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று பதில் போட்டார். அந்த அம்மாள் எழுதியதை நீக்கவில்லை. ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்கினார், அவ்வளவுதான். தம்பிக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்த அம்மாள் இன்றும் அவர் கடையில்தான் மளிகை வாங்குகிறார்.

நோட்டீஸ் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைச் சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறோம். அவதூறு பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவாகியிருக்கின்றன. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை என்று தண்டனை உண்டு. அதே பிரிவில் பத்து விதிவிலக்குகளும் உண்டு. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறு ஆகாது. பிறர் நன்மை கருதி நல்லெண்ணத்துடன் தரும் எச்சரிக்கையும் அவதூறு ஆகாது. "இந்தக் கடையில் பருப்பைப் பார்த்து வாங்குங்கள்" என்பது அப்படிப்பட்ட எச்சரிக்கை அல்லாமல் வேறென்ன?

சிலர் நினைப்பது போல், புகார் கொடுத்தவுடன் போலீசார் ஓடிப்போய்க் கைது செய்யவும் மாட்டார்கள். மாஜிஸ்திரேட்டிடம் நாமே மனுக் கொடுத்து வழக்கை நடத்த வேண்டும். சிவில் வழக்கென்றால், கேட்கும் தொகைக்கேற்ப கோர்ட் கட்டணமும் கட்ட வேண்டும். எழுதியது உண்மை என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால் கட்டியதும் போச்சு, மானமும் போச்சு.

அதோடு முடியாது. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி, புழு, வண்டு, பூச்சி பிடித்த உணவு பாதுகாப்பற்ற உணவு. அதை விற்பது குற்றம். மான நஷ்டம் கேட்கப் போன கடைக்காரர், தம் சரக்கின் மீது தாமே விசாரணையை வரவழைத்துக் கொள்வார்.

அமெரிக்காவில் நடந்ததையும் பார்ப்போம். ஊட்டா மாநிலத்தில் ஒரு தம்பதியர் இணையத்தில் சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். பொருள் வந்து சேரவில்லை. மனைவி அதை இணையத்தில் எழுதினார். சில வருடம் கழித்து அந்த நிறுவனம், குறை சொல்லி எழுதக் கூடாது என்று தன் விற்பனை நிபந்தனையில் இருப்பதாகக் காட்டி 3,500 டாலர் அபராதம் கேட்டது. கொடுக்காததால் கடன்காரர்கள் என்று பதிவு செய்தது. தம்பதியர் வழக்குப் போட்டார்கள். 2014-இல் நீதிமன்றம் 3,06,750 டாலர் கொடுக்கும்படி அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 2016-இல் அத்தகைய நிபந்தனைகளே செல்லாது என்று சட்டம் வந்தது. ஆதாரமில்லாத சட்ட மிரட்டலால் விமர்சனத்தை நீக்க வைப்பதையும் 2024-இல் அங்கே விதி போட்டுத் தடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டம் நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் வாடிக்கையாளரின் வாயை அடைக்கப் போனவர் பட்ட நஷ்டம் எந்த ஊர் வியாபாரிக்கும் பாடம்தான்.

அப்படியானால் பொய் எழுதுகிறவனையும் பொறுத்துக் கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. கடைக்கே வராதவர்கள் ஒரே இரவில் பத்துப் பேர் ஒரு நட்சத்திரம் போடுவதும் நடக்கிறது. "பணம் கொடு, நீக்குகிறேன்" என்று பேரம் பேசுவதும் நடக்கிறது. அந்த எழுத்தைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். அந்தப் பெயரில் பில் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுளுக்குப் புகார் கொடுங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் அது 308-ஆவது பிரிவின்படி குற்றம், காவல் நிலையத்துக்கே போங்கள். எழுத்து மூலமான அவதூறுக்கு சிவில் வழக்குப் போட ஒரு வருடமே கெடு என்பதையும் மறக்க வேண்டாம். சட்டம் இவர்களுக்காகத்தான் இருக்கிறது. வண்டு விழுந்த பருப்பை வாங்கிய அம்மாளுக்காக அல்ல.

ஆகவே அடுத்த கூட்டத்தில் ஒரு மாற்றுத் தீர்மானம் கொண்டு வர இருக்கிறோம். வழக்கறிஞரை நியமிப்பதற்கு முன் மூன்று உறுப்பினர் கொண்ட ஒரு குழுவை அமைப்போம். அதில் ஒருவர் சில்லறை வியாபாரியாகவும் ஒருவர் மொத்த வியாபாரியாகவும் இருக்கட்டும். பாதிக்கப்பட்ட கடைக்காரர் முதலில் அங்கே வரட்டும். பில்லையும் சரக்கையும் குழு பார்க்கும். குறை உண்மையானால் இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்துப் பதில் எழுத வேண்டும். சரக்கு மண்டியிலிருந்து வந்த குறையானால் நஷ்டத்தை மண்டிக்காரர் ஏற்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் மட்டும் சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் போகட்டும். அந்தச் செலவுக்கு நம் பங்கை முதல் ஆளாகக் கொடுக்கிறோம்.

மண்டிக்காரர்கள் சிலருக்கு இது கசக்கும். நமக்கும் அந்தப் பேரேட்டைப் பார்த்த மாலையில் கசக்கத்தான் செய்தது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டத்தில் தாராளமாகப் பேசட்டும். ஆனால் கை தூக்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் கிடங்கில் சுவரோர அடுக்கை ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட்டு வரும்படி அன்போடு கேட்டுக் கொள்கிறோம்.