டர்போ போயி, சாரே!

கேரள எல்லைப் பக்கம் டீசல் கார் வச்சிருக்கறவங்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் ஆனாலும் சரி, இடுக்கியில குமுளி, வண்டிப்பெரியார் ஆனாலும் சரி. பானெட்டைத் தூக்குவாங்க. எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு. இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டினா அதுக்குள்ளயும் எண்ணெய். அஞ்சே நிமிஷத்துல தீர்ப்பு: "டர்போ போயி, சாரே!"

நான் படிச்சது பி.காம். பார்க்கறது பேங்க் உத்தியோகம். ஸ்பேனர் பிடிக்கறவன் இல்லை. ஆனா கணக்குல ஒரு வித்தியாசம் வந்தா, ஏன் வந்துச்சுன்னு தேடாம சஸ்பென்ஸ் கணக்குல போட்டுட்டு வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு தெரியும். ஆயில் லீக் விஷயத்துல பல ஒர்க்‌ஷாப்புகள் பண்றது அதைத்தான். அந்த சஸ்பென்ஸ் கணக்கு மட்டும் நம்ம பேர்ல இருக்கும் :-)

எங்ககிட்ட கார் லோன் வாங்கின ஒரு டாக்ஸிக்காரர். பேர், ஊர் வேண்டாம். தோட்டத் தொழிலாளி குடும்பம், நம்ம தமிழ்க்காரர். மூணு மாசமா தவணை வரலையேன்னு கேட்டா, ஒரு கட்டு பில்லை எடுத்து மேஜையில வச்சார். முதல் பில் வால்வ் கவர் கேஸ்கட். ரெண்டாவது, கியர்பாக்ஸை இறக்கி கிராங்க் ஆயில் சீல். மூணாவது முழு டர்போ. அது மாட்டி ஒரு மாசத்துல திரும்பவும் அதே ஒழுகல். மூணு பில்லுலயும் என்ன மாத்தினாங்கன்னு இருக்கு. ஏன் ஒழுகிச்சுன்னு ஒரு வரி கூட இல்லை. கடைசியில கம்பத்துல ஒரு வயசான மெக்கானிக் கண்டுபிடிச்சது என்ன தெரியுமா? பிரீதர் ஹோஸ் உள்ளே கசடு அடைச்சிருந்தது. ஹோஸ் விலை ஒரு டேங்க் டீசலை விடக் கம்மி!

இது ஏதோ அதிசயம் இல்லைங்க. எஞ்சின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தாலே புரியும்.

டர்போவோட தண்டு நிமிஷத்துக்கு 1 லட்சம், 2 லட்சம் சுத்துன்னு சுத்தும். அந்த வேகத்துக்கும் சூட்டுக்கும் ரப்பர் சீல் தாங்காது. உள்ளே இருக்கறது பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன உலோக வளையம். எண்ணெய் உள்ளே வர்றது பம்ப் அழுத்தத்துல. திரும்பிப் போறது வெறும் புவியீர்ப்புல, ஒரு குழாய் வழியா சம்ப்புக்கு. பிஸ்டனைத் தாண்டிக் கசியற வாயு வெளியேறத்தான் பிரீதர். அது அடைச்சா எஞ்சினுக்குள்ள அழுத்தம் ஏறும். மழைக்காலத்துல தெரு சாக்கடை நிறைஞ்சா வீட்டு பாத்ரூம்ல தண்ணி எதிர்த்து வருமே, அதே கதை. எண்ணெய் கீழே இறங்க முடியாம டர்போ வழியாவும், வேற எந்த சீல் இளப்பமோ அது வழியாவும் வெளியே வரும்.

பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தாலும் இதே நிலைமைதான். டர்போவோட வடிகால் குழாய்ல கரி பிடிச்சாலும், அங்க சிலிகான் பேஸ்ட்டை அப்பி அது உள்ளே பிதுங்கி அடைச்சாலும், எண்ணெயை மேல் கோட்டுக்கு மேல ஊத்தினாலும் ஒழுகும். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா டர்போ காத்துக்குப் பதிலா எண்ணெயை உறிஞ்சும். இதெல்லாம் அப்படியே இருக்க, புது டர்போ மாட்டினா புது டர்போவும்தான் ஒழுகும்.

நம்ம ஏரியா வேற இதுக்குத் தோதா இருக்கு. போடிமெட்டுல இருந்து 17 கொண்டை ஊசி வளைவும் ஆக்சிலேட்டர் மிதிக்காம சின்ன கியர்லயே இறங்குவோம். அப்போ டர்போவுல காத்தழுத்தம் இருக்காது, எண்ணெயைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. மூணாறு குளிர்ல ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓட்டினா எஞ்சின் முழுசா சூடாகாது. ஈரம் எண்ணெயோட கலந்து வெள்ளைக் குழம்பா பிரீதர்ல படியும். அதே வண்டி ஏப்ரல்ல 40 டிகிரி பாலக்காட்டுல ஓடும்போது எண்ணெய் இளகி, இருக்கற சந்தெல்லாம் கசியும்.

இன்டர்கூலர் ஹோஸ்ல லேசா எண்ணெய்ப் படலம் இருந்தாலே டர்போ காலின்னு அர்த்தம் இல்லை. பிரீதர் வாயு டர்போவுக்கு முன்னாடிதான் போய்ச் சேருது, கொஞ்சம் எண்ணெய் ஆவி கூடவே வரத்தான் செய்யும். டர்போ தண்டைக் கையால ஆட்டிப் பார்த்து, பிளேடு கூட்டுல உரசுதான்னு பார்த்துட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க சாமி!

மெக்கானிக் பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். ஒரு மணி நேரம் தேடினதுக்குக் கூலி கேட்டா நம்மாளுங்க தர மாட்டாங்க. புது சாமான் மாட்டினா வாயை மூடிட்டுக் கொடுப்பாங்க. அப்புறம் அவர் ஏன் தேடப் போறார்? ஆனா பெரிய பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கு இந்த சாக்கு செல்லாது. அங்கதான் வாரன்டி இருக்கற வரைக்கும் "இது நார்மல் சார்", முடிஞ்ச மறுநாள் "டர்போ மாத்தணும் சார்"!

இது காசு விஷயம் மட்டும் இல்லை. டர்போவோட எக்ஸாஸ்ட் பக்கம் பல நூறு டிகிரி கொதிக்கும். அதுல எண்ணெய் சொட்டினா தீப்பிடிக்கும். எண்ணெய் நிறைய உள்ளே போனா டீசல் எஞ்சின் சாவியை அணைச்ச பிறகும் அந்த எண்ணெயிலயே ஓடும். காலையில தேனிப் பக்கத்துல இருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலையேறும் வண்டிகளை நினைச்சுப் பாருங்க.

அதனால பணம் எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. முதல்ல எஞ்சினைக் கழுவுங்க. மறுபடி ஓட்டி, ஈரம் தெரியற இடத்துல மேல இருந்து கீழ பாருங்க. எண்ணெய் கீழேயும் பின்னாடியும்தான் ஓடும், மூலம் மேல இருக்கும். புற ஊதா விளக்குல ஒளிரும் சாயத்தை எண்ணெயில கலந்தும் பார்க்கலாம். டிப்ஸ்டிக் குழாய்ல ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி, யு வடிவத்துல வளைச்சு, தண்ணி ஊத்தினா உள் அழுத்தம் கண்ணுக்குத் தெரியும். கம்பனி கையேட்டு அளவோட ஒப்பிடுங்க. பிரீதர், வடிகால் குழாய், ஏர் ஃபில்டர் மூணையும் பார்த்த பிறகுதான் டர்போ பேச்சு.

பில்லுல 'காரணம்'னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்க. 2020 ஜூலையில நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல, தெரிஞ்சே தகவலை மறைக்கறதும் சேவைக் குறைபாடுதான். பில் தராம இருக்கறது நியாயமற்ற வணிக முறை. காரணம் எழுத மாட்டேன்னு சொல்ற ஒர்க்‌ஷாப்ல வண்டியை விடாதீங்க.

டிஸ்கி: பெட்ரோல் கார்க்காரங்க சிரிக்க வேண்டாம். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தப்ப மாருதி டீசலை விட்டுடுச்சு, ஆனா இப்போ 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்லயே டர்போ வருது. உங்களுக்கும் இதே பிரீதர், இதே தீர்ப்புதான் காத்திருக்கு :-)