ஓத்தூர்ப் பனையும் வீட்டுக் கமுகும்

எங்கள் செவிலிமேட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் செய்யாறு. அங்குள்ள திருவோத்தூர் வேதபுரீசுவரர் ஆலயத்தின் தலமரம் பனை. 7-ஆம் நூற்றாண்டில் சிவனடியார் ஒருவர் இறைவனுக்கென்று வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாகவே நின்றன. ‘இவை காய்க்குமோ?’ என்று சிலர் எள்ளினர். (ஆண்பனையும் பதநீர் தரும் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்!) அடியவர் முறையிட, திருஞானசம்பந்தர் பதிகம் பாடியருளினார், ஆண்பனைகள் குலை ஈன்றன. பதிகத்தின் நிறைவுப் பாடலில் சம்பந்தரே இதனைக் குறித்துள்ளார்.

அவ்வடியவரின் வேதனை பனை விதைத்தோர்க்கே விளங்கும். கன்றைக் கண்டு ஆணா, பெண்ணா என்று அறிய இயலாது. பாளை வெளிப்படப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் ஆகலாம்.

அழகுக்காக வீட்டுத் தொட்டியில் பனையினம் வளர்க்க விரும்பும் அன்பர்களுக்குக் கமுகே ஏற்றது. அதில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே பாளையில் அமையும். ஓத்தூர்க் கவலை இல்லை. நன்கு பழுத்த பாக்குக்காயை மட்டை உரிக்காமல், காம்புப் பக்கம் மேலிருக்க ஊன்றி, நிழலில் ஈரம் காத்து வாருங்கள். முளைக்க ஒன்றரை மாதமோ அதற்கு மேலோ ஆகும். இடையில் கிளறிப் பார்த்தல் கூடாது.

பனங்கொட்டையைத் தொட்டியில் இடாதீர்கள். அதன் முளை முதலில் கீழ்நோக்கி ஆழ இறங்கும். பொங்கலுக்கு நாம் அவித்துண்ணும் கிழங்கு அதுவே. ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே பேரப்பிள்ளைகளைக் கொண்டு ஊன்றச் செய்யுங்கள். மார்கழியில் தோண்டியெடுக்க அவர்களுக்கு ஆசை பிறக்கும். இரண்டையேனும் மரமாக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.