ஐம்பது வயதுக் குளியாளி

தமிழ்க் கதைகளில் முத்துக் குளிக்கிறவனுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டுவதே இல்லை. அகன்ற மார்பு, அஞ்சாத நெஞ்சு, கரையில் கண்ணீரோடு காத்து நிற்கும் காதலி, இவ்வளவு இருந்தால் ஆசிரியருக்குப் போதும். தொடர்கதை முடிவதற்குள் சுறா ஒன்று வந்து சேரும். படிக்கிற நாமும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம். சுறாவுக்குத் தப்பி ஐம்பது வயதை எட்டியவன் என்ன ஆனான் என்று நாம் கேட்டதுண்டா?

கோல்ஃப் உலகத்தார் தங்கள் ஆட்டக்காரர்களைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலும் கண்டுவிட்டார்கள். அந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட மூத்தவர்களுக்கென்று அமெரிக்காவில் 1980-ல் தனிப் போட்டிச் சுற்று ஒன்று தொடங்கினார்கள். 50 வயது நிரம்பினால்தான் அதில் இடம். வாரத்துக்கு ஓர் ஊர், பெட்டியும் படுக்கையுமான பிழைப்பு, முதுகுவலி, முழங்கால்வலி எல்லாம் அவர்களுக்கும் உண்டு. ஆனாலும் அலைச்சலுக்குப் பரிசுப் பணம் இருக்கிறது. கைதட்டக் கூட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் சிறுவனாகப் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து வளர்ந்த பெர்ன்ஹார்ட் லாங்கர், 65 வயதில், 2023-ல், அமெரிக்க மூத்தோர் பட்டத்தை வென்றார். மறு வருஷம் குதிகால் நரம்பு அறுந்தது. அதைத் தைத்துக்கொண்டு திரும்பி வந்து 67-வது வயதில் மீண்டும் ஒரு போட்டியில் வென்றார். அந்த மனிதர் வாழட்டும்! அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வருத்தமெல்லாம் நம்மீதுதான்.

வேம்பார், பரதவர்களின் ஏழு கடற்றுறைகளில் ஒன்று. அந்த முத்துக் கரையின் குளியாளிகளும் ஊர் விட்டு ஊர் போன தொழில்காரர்களே. முத்துக்குளிப்பு வருஷந்தோறும் நடக்கிற திருவிழா அன்று. சிப்பி முற்றியபோது சர்க்கார் அறிவிக்க வேண்டும். அறிவித்த இடத்துக்குப் படகு கட்டிக்கொண்டு போவார்கள். இலங்கையில் மரிச்சுக்கட்டி மணலில் அதற்காகவே ஒரு பட்டணம் எழும்பும். குளிப்பு முடிந்ததும் மறுபடியும் வெறும் மணலாகும். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷம் மூச்சை அடக்கி, பையில் சிப்பியை நிரப்பிக் கயிற்றை அசைத்து மேலே வர வேண்டும். ஒரு நாளில் எத்தனையோ தடவை! 1905-ல் இலங்கையில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. மூன்று பங்கில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. செவிப்பறை கிழிந்த கணக்கில் மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்தது. சங்கு குளிப்பது ஓயவில்லை. கல்லுக்குப் பதிலாகக் காற்றுக் குழாய் வந்தது. அதனுடன் புதிய வினையும் வந்தது. அழுத்திய காற்றைச் சுவாசித்தபடி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே ஏறினால், இரத்தத்தில் கரைந்த வாயு குமிழிகளாகி மூட்டுகளைப் பிடிக்கும். சமயத்தில் ஆளையே முடக்கிப் போடும். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் மணப்பெண்ணின் கையில் வளையலாகிறது. அதை எடுத்தவன் கை நடுங்குகிறதா என்பது யாருக்குத் தெரியும்?

"ஆட்டம் வேறு, கூலி வேலை வேறு ஐயா" என்று சிலர் சொல்லக்கூடும். எதில் வேறு? பந்தைக் குழியில் தள்ளுவதற்குக் கண்ணும் கையும் நிதானமும் வேண்டுமென்றால், மங்கலான நீரடியில் மணலில் புதைந்த சங்கைக் கண்டெடுக்க அவை வேண்டாமா? பார்க்கக் கூட்டம் கூடினால் அது கலை, கூடாவிட்டால் கூலியா? இது என்ன நியாயம்!

இன்னும் சிலர் இரக்கப்பட்டு, "ஏதாவது உதவி செய்யலாமே" என்பார்கள். தயவுசெய்து அந்த இரக்கத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதிய குளியாளி பிச்சைக்காரன் அல்லன். எந்தப் பார் எங்கே தொடங்குகிறது, எந்தக் காற்றில் நீர் தெளியும், எங்கே நீரோட்டம் ஆளை இழுக்கும் என்பதெல்லாம் அவன் மண்டைக்குள் இருக்கிறது. அந்நாளில் முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் பார்களைச் சோதித்துச் சொன்னவர்கள் குளியாளிகள்தாம். இன்று நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு உட்பட 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா இருக்கிறது, 1986-ல் ஏற்பட்டது. அதன் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்க, இளம் குளியாளிகளுக்கு மெல்ல மேலேறும் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க, இந்த மனிதர்களைச் சம்பளத்தோடு அமர்த்தினால் என்ன? மூத்த ஆட்டக்காரனுக்குத் தனிப் பந்தயம் வைத்தவர்கள் அவனுக்குத் தருமம் செய்யவில்லை. அவன் கையில் மிச்சமிருந்த வித்தையை விலை கொடுத்து வாங்கினார்கள்.

நமக்கு அந்த வியாபார புத்தியாவது வர வேண்டாமா? இரண்டு சொட்டுக் கண்ணீரைக் கொண்டு வேம்பார்க் கடையில் ஒரு படி அரிசி வாங்க முடியாது.