பூத்தையலிற் பருவங் காட்டல்

ஓவியன் தூரிகையாற் செய்வதை ஊசியாலும் செய்யலாம் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், ஓவியனிடம் நாம் எதிர்பார்ப்பவற்றுள் ஒன்றையேனும் பூத்தையல் செய்வாரிடம் எதிர்பார்க்கின்றோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவன் மலையையும் வயலையும் வரைந்து வந்தால், ‘இஃது எந்தப் பருவம்? எந்த வேளை?’ என்று வினவுகின்றோம். அதே காட்சியைத் துணியில் தைத்து வரும் பெண்ணையோ, ‘தையல் சீராக உள்ளதா? பின்புறத்தில் முடிச்சுத் தெரிகின்றதா?’ என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகின்றோம். கேளாத கேள்விக்கு விடை வருவது எங்ஙனம்? பூத்தையலில் இயற்கைக் காட்சிகள் உயிரற்றுத் தோன்றுவதற்குக் காரணம் கையின் வறுமையன்று, கண்ணின் சோம்பலே என்பது என் கருத்து.

கடைகளில் விற்கும் மாதிரித் தாள்களை நோக்குக. நான்கு பருவங்கள் என்று நான்கு படங்கள் இருக்கும். ஒன்றிற் செந்நிறப் பூ மரம், ஒன்றிற் பசும்புல், ஒன்றில் உதிரும் சிவந்த இலை, ஒன்றிற் பனி மூடிய கூரை. அவை தத்தம் நாட்டுக்கு உண்மையானவையே. அவற்றைப் பழித்தல் என் நோக்கமன்று. ஆனால் உறைபனியைக் கண்ணாற் கண்டிராத ஒருத்தி, தாளில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து நூல் எடுத்து, அக்கூரையை வெண்ணிழையால் நிரப்பும்பொழுது, அவள் தைப்பது பருவத்தையன்று, எண்ணையே.

‘நம் நாட்டிற் பருவம் ஏது? ஆண்டு முழுவதும் வெயில்தானே?’ என்பார் சிலர். அவர்களைத் தாமிரபரணிக் கரைக்கு அழைக்கின்றேன். அண்மையில் வயல், வரப்பிற் பனை வரிசை, அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. இம்மூன்றையே நான்கு சட்டங்களில் தைப்பதாகக் கொள்வோம்.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் முகிலைக் குவிக்கின்றது. குற்றாலத்திற் சாரல் விழுகின்றது. மலையின் மேற்பாதி முகிலில் மறையும். அம்முகிலைத் தைக்க முயலாது, துணியை வெறுமையாக விட்டு, அதன் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிற ஓட்டுத்தையல் சில இடுதலே சாலும். பனையோலை யாவும் காற்றில் ஒருபுறம் சாய்ந்திருக்கும். ஆதலின் ஓலைகளுக்கு நேர்த்தையலை ஒரே சாய்வில் இடுக. காற்று இழையில் தோன்றாது. இழையின் சாய்விலே தோன்றும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வானம் ஈய நிறம். மண் நனைந்து கறுத்திருக்கும். பிசான நடவுக்கு வயலில் நீர் நிற்கும். நீர் என்றவுடன் நீல நூலை எடுப்பது பெரும்பாலார் வழக்கம். வயல் நீருக்குத் தனி நிறம் இல்லை. அது வானத்தைக் காட்டும் கண்ணாடி. ஆகையால் வானத்துக்கு எடுத்த சாம்பல் நூலினும் ஒரு படி கறுத்த நூலைப் படுக்கை வாட்டில் இடுக. நாற்றுக்கு மஞ்சள் கலந்த இளம்பச்சை, இரண்டிழை, குறுந்தையல் போதும்.

மாசியிற் கதிர் முற்றித் தலை சாயும். இங்கே பொன்னிற நூல் ஒன்றையே கொண்டு வயலை நிரப்பினால், அது வயலாகத் தோன்றாது, மஞ்சட் பாயாகவே தோன்றும். வைக்கோல் மஞ்சள், மங்கிய பச்சை, இளங்காவி ஆகிய மூன்றினும் ஓரோர் இழை பிரித்து ஒரே ஊசியிற் கோத்துத் தைத்துப் பார்க்க. விளைந்த பயிரின் நிறம் தானே வரும். தாளுக்குக் காம்புத்தையலும், மணிக்குச் சிறு சங்கிலிக் கண்ணியும் ஏற்றவை.

சித்திரை, வைகாசியில் வயல் வெறுந்தாளும் வெடித்த மண்ணுமாகக் கிடக்கும். உச்சி வெயிலில் வானம் நீலமன்று, வெளுத்த வெண்மையே. இங்கே பனையின் கருமையும் அதன் அடியிற் கிடக்கும் குறுநிழலுமே படத்தைத் தாங்குவன.

இந்நான்கிலும் பூ ஒன்றேனும் இல்லை என்பதைக் கவனிக்க. பருவம் பூவில் மட்டும் தங்குவதன்று. மண்ணிலும் நீரிலும் வானத்திலும் தங்குவது. இலை என்றாற் பச்சை என்பதும் அத்தகைய மயக்கமே. பங்குனியில் வேம்பின் தளிர் செம்பு நிறம். அரசின் தளிரும் சிவப்போடியது. புங்கின் தளிரோ கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. ‘இலைப்பச்சை’ என்று ஒரு சிட்டம் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மரத்துக்கும் அதனையே இடுவது மூன்றையும் பொய்யாக்குவதாகும்.

நூலைத் தெரிந்தெடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் நிறத்தையன்று, ஒளியையும் இருளையும் தெரிக. சிட்டங்களைத் துணியின்மேல் வரிசையாக இட்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால், எது ஒளிர்ந்தது, எது இருண்டது என்பது விளங்கும். மலையும் வயலும் ஒரே அளவு இருண்டிருப்பின், நிறம் வேறாயினும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தொலைவிலுள்ளவை இடையிலுள்ள காற்றினால் வெளுத்து நீலம் பாரிக்கின்றன. ஆகவே மலைக்கு வெளிறிய நூலை ஓரிழையாகவும், நடுவிடத்துக்கு இரண்டிழையாகவும், அண்மைக்கு மூன்றிழை அல்லது அதற்கு மேலாகவும் கொள்க. பூத்தையல் நூல் ஆறிழையாகப் பிரியும்படி அமைந்திருப்பதன் பயன் இதுவே.

நிறம் தனித்து நிற்பதன்று என்பதையும் மறத்தலாகாது. செவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர் 1824ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துக் கோபலன் திரைச்சீலை ஆலையிற் சாயப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே கறுப்பு நூல் வலுவற்றுத் தோன்றுகின்றது என்று முறையிட்டனர். அவர் ஆராய்ந்து, குற்றம் சாயத்திலன்று, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் இயல்பை 1839ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஆதலின் நூலைக் கடையிற் சிட்டமாகப் பார்த்து முடிவு செய்யாது, துணியின் ஓரத்தில் அண்டை நிறத்தோடு நாலைந்து தையல் இட்டுப் பார்த்தல் வேண்டும், அதுவும் பகலொளியில். விளக்கொளியில் ஒத்த இரு பச்சை பகலில் ஒவ்வாமற் போதல் உண்டு.

தையலின் போக்கும் நிறமே ஆகும். மெருகேற்றிய பருத்தி நூலும் பட்டு நூலும் ஒளியைத் திருப்புவன. ஒரே நூலை நெடுக்காக இட்ட இடம் ஒருவிதமாகவும், குறுக்காக இட்ட இடம் வேறுவிதமாகவும் மின்னும். ஆகவே பயிர் வளரும் போக்கிலும், நீர் கிடக்கும் போக்கிலும், மலை சரியும் போக்கிலும் ஊசி செல்லுதல் வேண்டும். பிரெஞ்சு முடிச்சு அழகியதே. எனினும் முடிச்சு அண்மைக்கு உரியது. தொலை மரத்தின்மேல் அதனை வாரி இறைத்தால், மரம் மலைக்கு முன்னே குதித்து வந்து நிற்கும்.

‘மாதிரியைப் பார்த்துச் செய்தே கை பழகும்’ என்பாரும் உளர். இவ்வுரையில் உண்மை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மால்ட் அம்மையாரும், பின்னர் இடையன்குடியில் அவர் மகளார் எலிசா கால்டுவெல் அம்மையாரும் லேஸ் பின்னலைக் கற்பித்தபொழுது, வெளிநாட்டு வேலைப்பாட்டைப் பார்த்தே நம் பெண்கள் கற்றனர். அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. நடைபழகும் குழந்தைக்கு நடைவண்டி வேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆனால் நடக்கக் கற்ற பின்னும் வண்டியை விடாதவரைப் பார்த்து நாம் மகிழ்வதில்லை. தையலைத் தாளிற் கற்க. நிறத்தை நிலத்திற் கற்க.

ஆதலின் தையற் கண்காட்சிகளிற் பரிசு வழங்குவோருக்கு ஒரு விண்ணப்பம். இயற்கைக் காட்சி தைத்த துணி வந்தால், அதிலுள்ள பூக்களைக் கையால் மறைத்துவிட்டு, ‘இஃது எந்த மாதம்?’ என்று கேளுங்கள். துணி விடை கூறுமாயின், தையல் சிறிது கோணியிருப்பினும் பரிசை அதற்கே கொடுங்கள். இக்கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டால், மறு ஆண்டு தைக்க அமரும் பெண் நூற்கடைக்குப் போகுமுன் வயற்கரைக்குப் போவாள். தையலின் பயன் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் துணி மட்டுமன்று. தான் நாள்தோறும் கடந்து செல்லும் நிலத்தை ஒருத்தி முதன்முறையாக உற்று நோக்குவதும் அதன் பயனே.