இரண்டாம் பணிமுறை

நுழையும்முன்
வேலைக்குச் செல்லும் பெண்ணைச் சமூகம் இன்று பாராட்டுகிறது. அவள் வீடு திரும்பியபின் தொடங்கும் வேலையை அது கணக்கில் எழுதுவதில்லை. வடசென்னைத் தொழில் வட்டாரத்திலிருந்து அக்கணக்கை எழுதிப் பார்க்கிறது இக்கட்டுரை.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர், அத்திப்பட்டு ஆகிய நிலையங்களைக் கடந்து மீஞ்சூரை அடைகிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் உள்ளது. வல்லூரில் மற்றோர் அனல்மின் நிலையம். 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம் என வழங்குகிறது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். ஆலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் பொழுது காலை, மாலை, இரவு என மூன்று பணிமுறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. 'ஷிப்டு' என்னும் சொல் இங்கு எழுத்தறியாக் குழந்தைக்கும் தெரியும்.

ஆலைக்குரிய இச்சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்சீல்டு. 1989இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் 'இரண்டாம் பணிமுறை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஊதியம் தரும் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண், சமையல், துணி, பிள்ளை, முதியோர் என மற்றொரு பணிமுறையைத் தொடங்குகிறாள் என்பது அவர் கண்டது. அதற்கு வருகைப்பதிவேடும் இல்லை, ஊதியமும் இல்லை, முடிவைக் குறிக்கும் சங்கொலியும் இல்லை.

பெண்களின் ஆலை உழைப்பில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டினர். இரவுப் பணிமுறையிலிருந்து பெண்களை முற்றாக விலக்கிய தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாததாக்கியது. பாதுகாப்பு, போக்குவரத்து முதலியவற்றை உறுதிசெய்து பெண்களை இரவிலும் பணியமர்த்தலாம் என்றது. அவ்வழக்கைத் தொடுத்தோரில் ஆலைப் பெண்களும் இருந்தனர். சங்க அகப்பாடல்களில் பொருள்வயின் பிரிவு தலைவனுக்கு உரியது. ஆற்றியிருத்தல் தலைவிக்கு உரியது. பொருள் தேடப் பெண்ணும் புறப்பட்டுவிட்ட காலம் இது. ஆனால் அவள் விட்டுச்சென்ற இல்லத்தில் அவளுக்கு மாற்றாக யார் நிற்கிறார்?

யாரும் நிற்பதில்லை என்பதையே புள்ளிவிவரம் காட்டுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. இதை மட்டும் படிப்பவர் மகிழ்வர். ஆண்களின் நேரமோ 88 நிமிடங்களாகக் குறைந்திருந்தது! பெண்ணுக்குக் கிடைத்த பத்து நிமிட ஓய்வை எரிவாயு அடுப்போ மாவரைக்கும் இயந்திரமோ தந்திருக்கலாம். உடன் வாழும் ஆண் தரவில்லை என்பது மட்டும் தெளிவு.

மீஞ்சூரில் இக்கணக்கில் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்பகுதியின் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்து பல்லாண்டுகள் ஆகின்றன. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடன், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. அந்நீர் சென்னை மாநகரின் தாகத்தைத் தணிக்கிறது. நிலத்தடி நீர் உவர்த்த ஊரில் குடிநீருக்குக் காத்திருப்பதும், குடங்களை நிரப்பி வைப்பதும் யார் பொழுதில் அடங்கும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

உயர்நிலைக்கு வந்த பெண்ணிடம் நேர்காணல் செய்வோர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" அதே நிலையிலுள்ள ஆணிடம் அவ்வினா எழுவதில்லை. இவ்வினாவுக்கு உண்மையான விடையைத் தேடுவோர் பொறியாளர் அ. லலிதாவின் வாழ்வைப் படிக்கலாம். 1919இல் சென்னையில் பிறந்த அவருக்குப் பதினைந்தாம் வயதில் மணம் நடந்தது. பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதப் பெண்குழந்தை இருந்தபோது, கணவரை இழந்தார். கைம்பெண் வீட்டின் மூலையில் ஒடுங்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. அவரோ இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். அக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், மகளின் சேர்க்கைக்காகக் கல்லூரி முதல்வரிடமும் கல்வித்துறையிடமும் பேசி இசைவு பெற்றார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கிடையே தனியொரு பெண்ணாகப் பயின்ற லலிதாவுக்குத் துணையாக, அடுத்த ஆண்டில் லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்னும் பெருமை லலிதாவுக்குக் கிடைத்தது.

கவனிக்க வேண்டியது இதன் பின்னரே. லலிதா பணியாற்றிய ஊர்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதற்பணி சிம்லாவில், அங்கு அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. பிறகு கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் நெடுங்காலப் பணி. அங்கும் மற்றொரு சகோதரரின் இல்லம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்த ஊரே அவர் பணியாற்றக்கூடிய ஊராக அமைந்தது. மின்தடப் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்த அவருடைய பணி, பக்ரா நங்கல் திட்டம் வரை நீண்டது. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் பன்னாட்டு மாநாட்டிலும் அவர் பங்கேற்றார். அவருடைய அறிவும் துணிவும் ஐயத்துக்கு இடமற்றவை. எனினும், இசைவு வாங்கித் தந்த தந்தையும், கதவு திறந்து வைத்த இரு வீடுகளும் இல்லையெனில் அவ்வறிவு எந்த அடுப்படியில் அடங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சகோதரர் இல்லம் என எழுதும்போது, அவ்வில்லங்களில் பிள்ளைகளை வளர்த்த பெண்களின் பெயரை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது என்பதும் உண்டு.

இன்றைய நடைமுறையும் பெரிதும் வேறன்று. ஒரு பெண் தயக்கமின்றிப் பணிக்குச் செல்கிறாள் என்றால், பெரும்பாலும் அவளுடைய தாயோ மாமியாரோ குறைந்த ஊதியம் பெறும் பணிப்பெண்ணோ அந்த வேலையைத் தோளில் ஏற்றிருப்பார். சுமை இறங்கவில்லை, ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கைமாறியிருக்கிறது. அறுபது வயதைக் கடந்த பாட்டி, ஓடும் பேரனைத் துரத்திக்கொண்டிருப்பதைப் பாசம் என்று மட்டும் பெயரிட்டு முடித்துவிடல் நேர்மையாகாது.

கைமாற்ற ஆளில்லாத வீடுகளில் அச்சுமை மனத்தில் இறங்குகிறது. உறக்கம் கெடுகிறது; காரணம் புலப்படாத தலைவலி வருகிறது; சிறு சொல்லுக்கும் சினமோ அழுகையோ எழுகிறது; விரும்பிச் செய்தவற்றிலும் பற்றற்றுப் போகிறது. இவை நீடித்தால் மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பார் மருத்துவர். வீட்டில் இவற்றுக்கு வழங்கும் பெயர் வேறு: "வேலைக்குப் போகும் திமிர்." உலகளவில் அண்மையில் குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலச் சிக்கலுக்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு, உள்ளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் பலர் உடல்வலி என்றே மருத்துவரிடம் செல்வர். மனவலி என்று சொல்ல அஞ்சுவர்.

அறிவுரை கூறுவோருக்குப் பஞ்சமில்லை. தியானம் செய்க, நேரத்தைத் திட்டமிடுக, புன்னகையுடன் இருக்க என்பர். முந்நூறு நிமிட வேலையைத் தலையில் வைத்திருப்பவளிடம், சமநிலை காப்பதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக் கொடுப்பதே இது. அதற்காக மருத்துவம் வேண்டா என்பதன்று. கணவர் பாத்திரம் துலக்குவதால் மனச்சோர்வு நோய் தானே நீங்கிவிடாது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போலவே அதற்கும் நாட வேண்டும். 2022 முதல் செயற்பட்டு வரும் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மருந்து உடலுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யும். வீட்டின் வேலைப்பங்கீட்டை வீட்டார்தாம் மாற்ற வேண்டும்.

முத்துலட்சுமி இதை முன்பே உணர்ந்திருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற அவர், 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும் முன்பே, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என நிபந்தனை விதித்தார். மணத்துக்குப் பின் கெஞ்சிப் பெறுவதைவிட மணத்துக்கு முன் பேசி முடிப்பது எளிது என்னும் நடைமுறை அறிவு அது.

சட்டமும் இதில் பாதித் தொலைவே வந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த ஊதிய விடுப்பு 26 வாரமானது. வரவேற்கத்தக்கதே. தந்தைக்கோ, நடுவண் அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் விடுப்பு. தனியார் துறையினருக்கு அவ்வாறான பொதுச்சட்டமே இல்லை. குழந்தை யாருடைய பொறுப்பு என்பதைச் சட்டமே இவ்வாறு சொல்லாமல் சொல்லிவிடுகிறது. தொழிலாளர் காப்பீட்டில் அடங்காத நிறுவனங்களில் விடுப்புச் செலவு முதலாளியைச் சார்வதால், இளம்பெண்ணைப் பணியமர்த்தத் தயங்குவோரும் உளர்.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு மட்டும். துறைமுகச் சாலையோரத்துச் சிறு பட்டறையிலும் கடையிலும் வேலை செய்யும் பெண்ணின் குழந்தைக்கு எஞ்சியிருப்பது அங்கன்வாடி. காலை ஆறு மணிப் பணிமுறைக்காக மீஞ்சூர் நிலையத்தில் தாய் வண்டியேறும்போது, அதன் கதவு பூட்டியிருக்கிறது.